தீர்ப்பில் ஏறிய என் வாக்கியம்

ஸ்கேன் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களையும் ஒருநாள் மருத்துவக் குழுவில் உட்கார வைப்பார்கள். கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு வரும் பெண்களைப் பரிசோதித்து, செய்யலாமா கூடாதா என்று கருத்துச் சொல்கிற குழு அது. யாரும் ஆசைப்பட்டுப் போகிற இடமில்லை. ஆர்டர் வரும், போய் உட்கார வேண்டும். நான் ஒன்பது வருடம் உட்கார்ந்தேன். அதில் ஒரே ஒரு வழக்கைப் பற்றி இன்று சொல்கிறேன். அதில் நான் நன்றாக நடந்துகொள்ளவில்லை. நன்றாக நடந்துகொண்டதையெல்லாம் என் பிரிவு உபசார விழாவில் மற்றவர்களே பேசிவிட்டார்கள்.

எனக்கு ஸ்கேன் கற்றுக்கொடுத்தவர் அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை என் ரிப்போர்ட் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, "இதைப் படிக்கப்போறவன் அந்தப் பொம்பளையப் பாக்கப்போறதில்ல. அவனுக்கு நீ எழுதினதுதான் அவ" என்றார். நான் தலையாட்டினேன். அது எனக்குப் புரிய இருபத்தைந்து வருடம் ஆனது.

அந்தப் பெண்ணைச் சங்கீதா என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வயது. எங்கள் ஊரிலேயே நெல்லித்தோப்பில் வீடு. ஊரை ஒட்டியிருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் வேன் ஓட்டுபவர். முதல் குழந்தை. அஞ்சாம் மாத ஸ்கேனுக்கு என் அறைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வாரம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கருவியை வயிற்றில் வைத்ததும் இதயத் துடிப்பைக் காட்டி இரண்டு வார்த்தை பேசுவோம். அன்று பேச்சு நடுவில் நின்றுவிட்டது. குழந்தையின் முதுகுத்தண்டு கீழ்ப்பகுதியில் மூடாமல் திறந்து கிடந்தது. நரம்புகள் வெளியே பிதுங்கியிருந்தன. தலைக்குள் நீர் கோத்திருந்தது. கால்கள் அசைகிறதா என்று வெகுநேரம் பார்த்தேன்.

"என்னா டாக்டர், பேசவே மாட்றீங்க?" என்றாள் சங்கீதா.

"குழந்தைக்கு முதுகுல ஒரு குறை தெரியுதும்மா. இன்னொரு எடத்துலயும் பாத்துடலாம்."

"என்னா குறை?"

சொன்னேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது, நடக்காது, சிறுநீர் தெரியாமலே போகும், தலையில் குழாய் வைக்க வேண்டிவரும் என்று எல்லாவற்றையும் அவளிடம் நேராகத்தான் சொன்னேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் தெளிவாகச் சொன்ன ஒரு விஷயத்தை அடுத்த இரண்டு வாரத்தில் நான் காகிதத்தில் மழுப்பினேன்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மறுபடி பார்த்து, அதே முடிவோடு திரும்பி வந்தார்கள். அதில் ஒரு வாரம் போனது. கணவனும் மனைவியும் கலந்து பேசி, கலைத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்துநான்கு வாரம் தாண்டினாலும், குழந்தைக்குப் பெரிய குறை இருந்தால் குழுவே அனுமதிக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் குழுத் தலைவர் மூத்த மகப்பேறு மருத்துவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நூறு பிரசவச் சிக்கலில் தைரியமாகக் கை வைத்தவர், ஒரு காகிதத்துக்குப் பயந்தார்.

"நாம ஏன் மேடம் கழுத்தக் குடுக்கணும்? கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கியாரச் சொல்லுங்க. ஆர்டர் வந்தா மறுநாளே செஞ்சிடறேன்."

யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. சங்கீதா கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட், எதிர்பார்த்தபடியே, எங்களிடமே அறிக்கை கேட்டது.

அறிக்கையில் குழந்தையைப் பற்றிய பகுதி என்னுடையது. நான் முதலில் எழுதியது இது: "முதுகை மூடும் அறுவை சிகிச்சை உண்டு. அது கால்களுக்கு இயக்கத்தைத் திருப்பித் தராது." தலைவர் படித்துவிட்டுப் பேனாவால் தட்டினார்.

"இவ்ளோ அடிச்சுச் சொல்லாதீங்க. நாளைக்கி அந்தக் கொழந்த எழுந்து நடந்துதுன்னா நம்மள கூண்டுல ஏத்துவாங்க."

"நடக்காது சார்."

"நடக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். எழுதணுமா?"

வெளியே வரிசையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். "பிறந்தபின் அறுவை சிகிச்சை செய்யலாம். விளைவை இப்போதே உறுதியாகக் கூற இயலாது." அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இதுதான் பொருள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சாட்சி சொன்னதாக யாரும் என்னைப் பிடிக்க முடியாது. தலைவர் தன் பங்குக்கு, "இந்தக் கட்டத்தில் கலைப்பது தாய்க்கு ஆபத்து இல்லாதது அல்ல" என்று சேர்த்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

மனு தள்ளுபடி ஆனது.

தீர்ப்பு நகலோடு என் அறைக்கு வந்தவர் சங்கீதாவின் வக்கீல். முப்பது வயதுகூட ஆகாத பெண். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், தீர்ப்பு சரியா தப்பான்னு உங்ககிட்ட கேக்க வரல. அது என் வேலை. இதுல நடந்ததுன்னு, இருக்குதுன்னு எழுதியிருக்கற ஒவ்வொண்ணும் மெய்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அந்த மாதிரி யாரும் என்னிடம் ஒரு தீர்ப்பைக் கொடுத்ததில்லை. தீர்ப்பு என்றால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைக்கிற ஆள் நான். அன்று முதல் வரியிலிருந்து பென்சிலோடு உட்கார்ந்தோம். இதைச் சொன்னது யார்? நேரில் பார்த்துச் சொன்னதா, இன்னொருவர் எழுதியதைப் படித்துச் சொன்னதா? அதற்குக் காகிதம் எங்கே? ஒவ்வொரு வரிக்கும் வக்கீல் இதைத்தான் கேட்டார். வயது சரி. வார எண்ணிக்கை சரி. நோயின் பெயர் சரி, எழுத்துப்பிழைகூட இல்லை. நீதிபதி கவனமாகத்தான் எழுதியிருந்தார்.

ஒன்பதாம் பத்திக்கு வந்தோம். "குழந்தையின் குறைபாடு அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது என மருத்துவக் குழு தெரிவித்துள்ளது."

எனக்குக் கோபம் வந்தது. "நாங்க எங்க அப்படிச் சொன்னோம்? இது அநியாயமா இருக்கே!"

வக்கீல் எங்கள் அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். படித்தேன். நான் 'செய்யலாம்' என்று எழுதியிருந்தேன். நீதிபதி அதைச் 'சரிசெய்யலாம்' என்று படித்திருந்தார். விளைவைச் சொல்ல முடியாது என்று அடுத்த வரியிலேயே நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளே வந்தவர் நல்லதை நினைத்துக்கொண்டு வந்தார். குழந்தை பிழைக்கும், நடக்கும் என்று நம்ப விரும்புகிற ஒரு மனிதரிடம் அப்படி ஒரு வரியைக் கொடுத்தால் அவர் வேறு எப்படிப் படிப்பார்? கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பத்தாம் பத்தியில், கலைப்பது தாயின் உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. அது தலைவரின் வரியிலிருந்து வந்தது. உண்மையில் அந்தக் கட்டத்தில் அவளுக்கு இருந்த ஆபத்து ஒரு பிரசவத்தில் இருப்பதைவிடப் பெரிதில்லை. அதை நாங்கள் எங்கும் எழுதவில்லை.

பதினோராம் பத்தி: "மனுதாரர் தக்க காரணமின்றிக் காலம் தாழ்த்தி ஸ்கேனுக்குச் சென்றுள்ளார்."

"இது?" என்றார் வக்கீல்.

"இது எனக்குத் தெரியாது" என்றேன். ஸ்கேன் பதிவேடு என் நாற்காலியிலிருந்து இருபது அடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை.

"முதல் ரெண்டையும் பிரமாணப் பத்திரமா எழுதிக் குடுப்பீங்களா? அப்பீல் போடறோம்."

"யோசிச்சுச் சொல்றேம்மா."

மறுநாள் குழுத் தலைவரிடம் பேசினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "தீர்ப்புல தப்புன்னா மேல போகட்டும். நாம கையெழுத்துப் போட்டத நாமளே தப்புன்னு சொன்னா, அடுத்த பொண்ணுக்கு நாம குடுக்கற ரிப்போர்ட்ட எவன் மதிப்பான்? ஆறு மாசத்துல ரிட்டயர் ஆவப்போறீங்க. நல்லபடியா வூட்டுக்குப் போங்க மேடம்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று நானும் விரும்பினேன். இப்படியே நான்கு நாள் போனது. அந்த நான்கு நாளில் நான் ஒழுங்காக வேலைக்கு வந்தேன், ஸ்கேன் பார்த்தேன், பீச் ரோட்டில் சாயங்காலம் நடந்தேன். வக்கீலின் அழைப்பை இரண்டு முறை எடுக்காமல் விட்டேன். பிழை செய்த நேரத்தைவிட, பிழை தெரிந்த பிறகு சும்மா இருந்த நேரம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் சங்கீதாவே வந்தாள். அவளுக்கு அன்று ஸ்கேன் இல்லை. வரிசையின் கடைசியில் நின்று, எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"டாக்டர், நான் லேட்டா வந்தேன்னு கோர்ட்டுல எழுதியிருக்காங்களாமே. எங்க அத்த அதையே சொல்லிக்கினு இருக்காங்க. நேரத்துக்குப் போயிருந்தா இந்த நெலம வந்திருக்குமான்னு. எங்க வூட்டுக்காரரும் இப்ப ஒண்ணும் பேசறதில்ல. நான் மொதல்ல எப்ப வந்தேன்னு உங்க நோட்டுல இருக்கும் இல்ல? பாத்துச் சொல்றீங்களா?"

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். ஸ்கேன் தேதி எழுதிக் கொடுக்கிற சீட்டு. மடிப்பில் கிழிந்திருந்தது.

எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்தேன். அவள் முதலில் வந்தது பத்தொன்பது வாரம் முடிந்து நான்கு நாள் ஆனபோது. சரியான நேரம். அன்று அவளுக்குக் கொடுத்த தேதி ஐந்து வாரம் தள்ளி. பக்கத்தில் 'மிஷின் ரிப்பேர்' என்று எழுதி, கீழே என் சுருக்கொப்பம். இரண்டு மிஷினில் ஒன்று பழுதாகிக் கிடந்த மாதம் அது. அவசரம் இல்லாதவர்களை எல்லாம் பின்னால் தள்ளுங்கள் என்று உத்தரவு போட்டது நான்தான். அஞ்சாம் மாத ஸ்கேன் அவசரம் இல்லாதவற்றில் போயிற்று. சட்டத்தில் வாரக் கணக்கு ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

"கரெக்டான நேரத்துக்குத்தான் வந்திருக்கம்மா. நாங்கதான் தேதி தள்ளிப் போட்டுட்டோம்."

"நான் அன்னிக்கே கேட்டேன் டாக்டர், கொஞ்சம் முன்னாடி கெடைக்குமான்னு. அஞ்சாம் மாசம்தானே, என்னா அவசரம்னாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு சந்தேகம் தீர்ந்த நிம்மதிதான் இருந்தது. அதைத் தாங்க என்னால் முடியவில்லை.

அன்று மாலையே வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று விஷயத்தையும் எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டும் எளிதாக வந்தன. மூன்றாவதற்கு வக்கீல் 'நிர்வாகக் காரணங்களால் ஏற்பட்ட தாமதம்' என்று எழுதி வைத்திருந்தார், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று. அதை அடிக்கச் சொன்னேன். "இந்தத் தாமதம் என் உத்தரவால் ஏற்பட்டது. மனுதாரரால் அல்ல" என்று என் கையால் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய மிகத் தெளிவான வாக்கியம் அதுதான். வாங்கிப் படித்துவிட்டு வக்கீல் சொன்னார்: "நாலு நாளு முன்னாடி வந்திருந்தா இந்த வாரக் கோர்ட்டு லிஸ்ட்லயே ஏத்தியிருப்பேன் டாக்டர்." குற்றம் சொல்லும் குரலில்கூட அவர் சொல்லவில்லை.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை குழுத் தலைவர் என்னிடம் வேலைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதாகச் சொன்னால் பொய்.

அப்பீலை இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். விசாரணை முடிந்து உத்தரவு வந்தபோது முப்பது வாரம் ஆகியிருந்தது. உத்தரவில் முதல் தீர்ப்பின் மூன்று தவறையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித் திருத்தியிருந்தார்கள். குறை சரிசெய்யக்கூடியது என்பதற்கு ஆதாரம் இல்லை. தாயின் உயிருக்குத் தனி ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை. தாமதத்துக்கு மனுதாரர் பொறுப்பில்லை. பிறகு கடைசிப் பத்தி. முப்பது வாரம் கடந்த நிலையில் இப்போது வெளியே எடுத்தால் குழந்தை உயிரோடு பிறக்கும். ஆகவே அனுமதிக்க இயலாது. குழந்தையின் சிகிச்சையை அரசு மருத்துவமனை ஏற்க வேண்டும். அந்தப் பத்தியையும் பென்சிலோடு பலமுறை படித்தேன். அதில் எனக்குப் பிழை எதுவும் கிடைக்கவில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு வக்கீல் நெல்லித்தோப்புக்குப் போகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். "அவசியமா டாக்டர்?" என்றார். அவசியம் என்றுதான் எனக்குப் பட்டது. ஒரே அறையும் சமையல் மூலையுமான வீடு. சங்கீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பஞ்சாலை மூடும்வரை அங்கே நூல் பிரிவில் வேலை பார்த்த மாமியார் எதிரே உட்கார்ந்திருந்தார். கணவர் வேனை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போயிருந்தார்.

அனுமதி இல்லை என்று வக்கீல் முதலில் சொன்னார். சங்கீதா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்ததும், "நான் லேட்டா வரலன்னு அதுல இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அத்தைக்குக் கேக்கற மாதிரி படிங்க."

வக்கீல் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். மாமியார் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்: "அப்ப இவ நேரத்துக்குத்தான் போயிருக்கா?"

"ஆமாம்மா. ஆஸ்பத்திரியிலதான் தேதி தள்ளிட்டாங்க" என்றார் வக்கீல்.

"யாரு தள்ளுனது?"

"நான்தாம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து சமையல் மூலைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை வக்கீலிடம் கொடுத்தார். இன்னொன்றை மருமகளிடம் கொடுத்தார்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாள் முதுகை மூடினார்கள். தலையில் நீர் வடியக் குழாய் வைத்தார்கள். உச்சிக்குழி மூடும்வரை அதன் வழியாக மூளையை ஸ்கேன் பார்க்க முடியும் என்பதால், மாதம் ஒருமுறை சங்கீதா குழந்தையை என் அறைக்குத் தூக்கி வந்தாள். வேறு டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஒரு ஸ்கேனுக்காக, அனுமதி கேட்டு, மாதம் ஒருநாள் வந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நீங்கள் எழுதும் வரியை, அந்தப் பெண்ணைப் பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்ற ஒரு சொல் சேர்த்தீர்களென்றால், அது யாரை விட்டுவிடுகிறது என்று பாருங்கள். உங்கள் வரி தீர்ப்பில் ஏறிவிட்டால், அந்தத் தீர்ப்பை வாங்கிப் படியுங்கள். தவறாக ஏறியிருந்தால் அன்றைக்கே வாயைத் திறங்கள். எத்தனை பேர் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் முதலில் செய்யவில்லை.

அந்தக் குழந்தை எட்டு மாதம் இருந்தது. காய்ச்சல் வந்து, குழாயில் தொற்று ஏறி, மூன்றே நாளில் போய்விட்டதாக வக்கீல் போனில் சொன்னார். அதற்கு மூன்று வாரம் முன்னால் சங்கீதா கடைசியாக வந்த நாளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்கேன் முடிந்திருந்தது. ஜெல் சில்லென்று பட்டதும் அந்தக் குழந்தை சிரிக்கும், அன்றும் சிரித்தது. சங்கீதா அதன் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? மொதல்லயே நீங்க அந்த வரிய ஒழுங்கா எழுதியிருந்தா எனக்குப் பர்மிஷன் கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்மா."

"வக்கீலும் அதான் சொன்னாங்க."

குழந்தையின் காதோரம் ஒட்டியிருந்த ஜெல்லையும் துடைத்தாள்.

"இவள வேணாம்னு கேக்கத்தான் கோர்ட்டுக்குப் போனேன். இப்ப மூச்சு உடறாளா, உடறாளான்னு மூக்குல வெரல வெச்சுப் பாத்துக்கினே இருக்கேன். ரெண்டும் நான்தான் டாக்டர். யாருகிட்ட சொன்னாலும் ஒண்ணத்தான் நம்பறாங்க."

நான் நம்புகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த மாசம் என்னிக்கு வரணும்?" என்று கேட்டாள். காலண்டரைப் பார்த்து ஒரு தேதி சொன்னேன். போனில் குறித்துக்கொண்டு, குழந்தையின் தலையைத் துண்டால் மூடி, வெயிலில் இறங்கி நடந்தாள்.